தனியாகக் கடலோரம்: மூன்று வேளைச் சாப்பாட்டோடு ரிசார்ட்டா, வெறும் அறையா?

'இருவர் தங்கினால், ஒருவருக்கு.' கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் விளம்பரங்களில் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் வரி இது. தனியாகப் போக நினைப்பவர் விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த வரியைத்தான் படிக்க வேண்டும். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாலையில் டீயும் பஜ்ஜியும், நீச்சல் குளம் எல்லாம் சேர்த்து மலிவாகத் தெரியும் அந்தத் தொகை, கூட இன்னொருவர் வந்தால் மட்டுமே உண்மை.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கத்திலிருந்து தனியாக ஓரிரண்டு இரவு கடலோரம் போய்த் தங்க விரும்புகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மணலியிலும் எண்ணூரிலும் ஷிப்ட் வேலை பார்த்து வார நடுவில் விடுப்பு எடுப்பவர்கள், ஸ்டான்லி மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள், வருடம் முழுவதும் வீட்டுக்குச் சமைத்துக் களைத்த என்னைப் போன்ற பெண்கள் ஆகியோருக்கு இந்த முடிவு வெறும் விலை ஒப்பீடு அல்ல. கிடைப்பது அபூர்வமான இரண்டு நாள். அது வீணாகக் கூடாது.

"கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு எதற்குக் கடற்கரை விடுதி?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் பக்கம் கடல் இருக்கிறது, மணல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணை போட்ட பிறகு, தெற்கிலிருந்து கடலோரமாக நகர்ந்து வரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்துப் போனது. இன்று நமக்கு இருப்பது கருங்கல் தடுப்பும் தூண்டில் வளைவுகளும்தான். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் எண்ணெய் வந்து படிந்ததும் இந்தக் கரையில்தான். காலை நனைத்துக்கொண்டு நடக்க ஒரு மணற்பரப்பு வேண்டும் என்று வடசென்னைக்காரர் கேட்பது ஆடம்பரம் அல்ல.

இனி கணக்கு. விடுதிக்காரர்கள் நான்கு வகையாகப் பேசுவார்கள். இபி என்றால் வெறும் அறை. சிபி என்றால் காலை உணவு உண்டு. எம்ஏபி என்றால் காலை உணவோடு இன்னொரு வேளையும், பெரும்பாலும் இரவு உணவு. ஏபி என்றால் மூன்று வேளையும். இதற்கு மேல் டீ, பலகாரம், விளையாட்டு ஆகியவற்றையும் சேர்த்து 'ஆல் இன்க்ளூசிவ்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

விளக்கத்துக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். காலை உணவோடு அறை வாடகை 3,000 ரூபாய், மதியமும் இரவும் சேர்த்துச் சாப்பாடு தலைக்கு 750 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருவர் போனால் மொத்தம் 4,500, ஆளுக்கு 2,250. தனியாகப் போனால் 3,750. கூடுதலாகப் போகும் 1,500 ரூபாய் முழுவதும் காலியாகக் கிடக்கும் பாதிக் கட்டிலுக்கான வாடகை. சரி, சாப்பாட்டை விட்டுவிட்டு அதே அறையில் தங்கி, மதியம் 150, இரவு 200 என்று வெளியே சாப்பிட்டால்? 3,350 ஆகும். பேக்கேஜைவிட 400 ரூபாய்தான் மிச்சம். ஆனால் 1,300 ரூபாய்க்கு ஓர் எளிய விடுதி அறை எடுத்து, காலைக்கு 100 ரூபாயும் சேர்த்து மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் 1,750-இல் முடிந்துவிடும். தனி ஆளின் பணம் கரைவது சாப்பாட்டில் அல்ல, அறையில். பேக்கேஜ் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கும்போது எல்லோரும் பஃபே லாபமா நஷ்டமா என்றுதான் பேசுகிறார்கள். அந்த 400 ரூபாய்க்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வரியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய கட்டணப் பட்டியலை அனுப்புகிறவர்களிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் இரவுச் சாப்பாடு. பகலில் தனியாகச் சாப்பிடுவது நம் ஊரில் ஒரு பிரச்சினையே அல்ல. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடையில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அறிமுகமில்லாத ஊரில், இருட்டிய பிறகு, நான்கு நாற்காலி போட்ட மேசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் நிலைமை வேறு. நெம்மேலி, பட்டிபுலம் பக்கத்து ரிசார்ட் என்றால் சாப்பிடப் போவதற்கே வழியில்லை. வாசலைத் தாண்டினால் நடைபாதை இல்லாத நெடுஞ்சாலை, சீறிப் பாயும் கார்கள். ஆட்டோ கிடைக்காது. அந்த ஒரு வேளைக்காகத்தான் உள்ளேயே சாப்பாடு வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்கிறேன். மதியம் எப்படியும் வெளியே சுற்றிக்கொண்டிருப்போம். ஆகவே தனியாக ரிசார்ட்டுக்குப் போகிறவருக்குப் பொருத்தமானது மூன்று வேளைத் திட்டம் அல்ல. காலையும் இரவும் மட்டும் சேர்ந்த எம்ஏபி. பல இடங்களில் இதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

மூன்று வேளை என்பதையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஓர் இரவு பேக்கேஜில் முதல் நாள் மதியம், இரவு, மறுநாள் காலை என்றுதான் எண்ணுகிறார்கள். அறையில் நுழைவது மதியம் 12 அல்லது 2 மணிக்கு. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு முடிந்துவிடும். திருவொற்றியூரிலிருந்து மாமல்லபுரம் சுமார் 70 கிலோமீட்டர். வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பினால் பணம் கட்டிய ஒரு வேளை கைநழுவிப் போகும். மறுநாள் பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். கணக்கில் மூன்று வேளை, வயிற்றுக்கு இரண்டு வேளை.

சாப்பாட்டின் தரத்திலும் நாம் எளிதில் திருப்தி அடைகிறவர்கள் அல்ல. காசிமேட்டில் சங்கராவும் நெத்திலியும் துள்ளத் துள்ள வாங்கிப் பழகிய நாக்குக்கு, மலிவு பஃபேயில் முள்ளில்லாமல் வரும் வெள்ளை மீன் துண்டு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அது பெரும்பாலும் உறைநிலையில் வரும் பாசா மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் மீன் விலை ஏறும். மலிவு விடுதியின் சமையலறை முதலில் கைவைப்பது மீனில்தான். இன்னொன்று, வார நாட்களில் ஆட்கள் குறைவாக இருந்தால் பஃபே போடமாட்டார்கள். தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். எனக்கு அதில் குறை இல்லை, சொல்லப்போனால் சூடாகவே இருக்கும். ஆனால் பஃபேயை நம்பிப் பணம் கட்டுகிறவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லாம் சேர்ந்த பேக்கேஜை ஒருவருக்கு மனமாரப் பரிந்துரைப்பேன். தினமும் நான்கு பேருக்கு என்ன சமைப்பது என்று யோசித்தே ஓய்ந்துபோனவருக்கு. அவருக்கு 'அடுத்த வேளை என்ன' என்ற கேள்வியே இல்லாத இரண்டு நாள் வேண்டும். வெளியே போய் உணவகம் தேடுவதுகூட அவருக்கு வேலைதான். அவர் மூன்று வேளையும் உள்ளேயே சாப்பிடட்டும், அறைக்கும் கடலுக்கும் நடுவே நடக்கட்டும், தூங்கட்டும். அந்த ஓய்வுக்கு அந்தப் பணம் தகும்.

இந்த முறை உலகில் பரவத் தொடங்கியபோது தனி ஆட்களுக்கும் அதில் இடம் இருந்தது. 1950-இல் ஸ்பெயினின் மயோர்கா தீவில் கூடாரங்கள் போட்டுத் தொடங்கிய கிளப் மெட் விடுதியில், முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் சேர்ந்து உண்டார்கள். தனியாக வந்தவருக்கு அங்கே பேச்சுத்துணை கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தது கட்டண முறை மட்டும்தான், அந்த மேசை வரவில்லை. சனி, ஞாயிறுகளில் இங்கே இருப்பது அலுவலகக் குழுக்களும் பெரிய குடும்பங்களும். குளத்தோரம் ஒலிபெருக்கி அலறும். தனியாக வந்தவர் புத்தகத்தோடு அறைக்குள்ளேயே முடங்க வேண்டிவரும். ஞாயிறு இரவு முதல் வியாழன் வரைதான் தனி ஆளுக்கான நாட்கள். வாடகையும் அப்போது இறங்கியிருக்கும்.

ரிசார்ட்டைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 'பிரைவேட் பீச்' என்று விளம்பரத்தில் போடுவார்கள். அலை வந்து போகும் கரை பொது இடம். யாரும் அதைச் சொந்தம் கொண்டாட முடியாது. அங்கே மீனவர்கள் படகை ஏற்றி வைப்பார்கள், வலை காய வைப்பார்கள். வேலி போட்டு அவர்களை ஒதுக்கும் விடுதியில் தங்க எனக்கு மனம் வராது. அடுத்து, 'கடற்கரை விடுதி' என்று பெயர் இருந்தும் சாலையின் மேற்குப் பக்கம் இருக்கும் இடங்கள் உண்டு. வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நீச்சல் குளத்தில் நைலான் உடை இல்லாமல் பெரும்பாலும் இறங்கவிடமாட்டார்கள். பருத்திச் சுடிதாரோடு போனால் வேடிக்கைதான் பார்க்கலாம். கடலில் குளிப்பதோ தனியாகப் போகிறவருக்கு வேண்டவே வேண்டாம். இந்தக் கரையில் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு, பெரும்பாலான இடங்களில் உயிர்காப்பாளர் கிடையாது. தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற கோவளம் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். அலையில் இறங்கியே ஆக வேண்டும் என்பவர் அங்கே போகட்டும்.

வெளிநாட்டில் 'எல்லாம் சேர்ந்தது' என்றால் மதுவும் அதில் அடங்கும். இங்கே அப்படி இல்லை. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. விடுதியில் பார் வைக்கத் தனி உரிமம் வேண்டும், சிறிய ரிசார்ட்டுகளில் அது இருக்காது. குடிக்காதவருக்கு இது நல்லதே. மற்றவர் குடிப்பதற்கும் சேர்த்து அவர் பணம் கட்ட வேண்டியதில்லை.

இப்போது எளிய அறைக்கு வருவோம். மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெருவும் மீனவர் குப்பத்தை ஒட்டிய சந்துகளும் தனிப் பயணிகளுக்காகவே வளர்ந்தவை. பல வருடங்களாக முதுகுப் பையோடு வரும் வெளிநாட்டவர்கள் தங்கிப் பழகிய தெரு அது. தனியாக ஒரு பெண் அறை கேட்டால் அங்கே யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. சிறிய அறை, விசிறி, சில இடங்களில் மாடியிலிருந்து கடல். கடற்கரை நடந்து போகும் தூரம். உணவகங்கள் வாசலிலேயே இருப்பதால் இரவுச் சாப்பாட்டுச் சிக்கலும் பெருமளவு தீர்கிறது. தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டே சாப்பிடுகிறவர்கள் அங்கே சர்வசாதாரணம். அன்று பிடித்த மீனைக் காட்டி விலை பேசிப் பொரித்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. மீன் தெரிந்த நமக்கு அங்கே பேரம் பேசுவது எளிது.

பகலைச் செலவழிக்கவும் வழி இருக்கிறது. 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட் போதும். அருச்சுனன் தபசு முன்னால் நின்று பார்க்கக் கட்டணமே இல்லை. கூட்டத்தோடு போனால் பத்து நிமிடத்தில் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தனியாகப் போனால் அந்தப் பாறையில் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் நின்று நிதானமாகப் பார்க்கலாம். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமையும், முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை. வார நடுவில் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. மாமல்லபுரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி. கடலை ஒட்டி விரிந்த வளாகம், உள்ளேயே உணவகம், நீச்சல் குளம். அரசு நிறுவனம் என்பதால் தனியாக வருகிறவர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், கேள்விகள் இருக்காது என்ற நிம்மதி வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. முதன்முதலாகத் தனியாகக் கிளம்பும் பெண்ணுக்கு நான் சொல்வது இதைத்தான்.

போக்குவரத்தும் மாமல்லபுரத்துக்குச் சாதகம். ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையம், அங்கிருந்து வேளச்சேரி பறக்கும் ரயிலில் திருவான்மியூர், பிறகு பஸ். வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னோர் இரவு தங்கிவிடலாம். சாலையோர ரிசார்ட்டுக்கு இந்த வசதி பாதிதான். பஸ் இறக்கிவிடும் நிறுத்தத்திலிருந்து பையைச் சுமந்துகொண்டு உள்ளே நடக்க வேண்டும்.

புதுச்சேரியைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். தனியாக நடந்து திரிய அருமையான ஊர். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், இரவு வரை கூட்டத்தோடு கூட்டமாக அச்சமின்றி நடக்கலாம். ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் சுத்தம், அமைதி. இரவில் குறித்த நேரத்தில் கதவை அடைத்துவிடுவார்கள், மதுவும் புகையும் கூடாது. ஆனால் ஊருக்கு நடுவே பெரும்பகுதி நம் ராயபுரத்தைப் போலவே கருங்கல் கொட்டிய கரைதான். நீண்ட மணற்பரப்பைத் தேடிப் போகிறவர் அங்கிருந்து இன்னொரு பயணம் போக வேண்டும். மணலுக்காக அல்ல, நடைக்காகப் போங்கள்.

வடக்கே பழவேற்காடு? பொன்னேரி வரை ரயில், பிறகு பஸ். டச்சுக் கல்லறைத் தோட்டம், ஏரி, குளிர்காலத்தில் பூநாரைகள். ஒரு பகலுக்கு இதைவிட நல்ல இடம் வடசென்னைக்காரருக்கு இல்லை. இரவு தங்கும் ஊராக அது இன்னும் வளரவில்லை. படகில் அழைத்துப் போகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

உண்மையான 'எல்லாம் சேர்ந்த' விடுதியில்தான் தங்க வேண்டும் என்பவர் இலங்கையைப் பார்க்கலாம். நீர்கொழும்பு, பேருவளை, பெந்தோட்டை. கையில் பட்டை கட்டிவிடுவார்கள், அதன் பிறகு பணப்பையையே தொட வேண்டாம். கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள். நீர்கொழும்பு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கத்தோலிக்க மீனவர்களின் ஊர், கரையில் கருவாடு காயும், மாதா கோயில் மணி கேட்கும். ராயபுரத்துக்காரருக்கு அந்நியமாகவே தெரியாது. ஆனால் அங்கே தனி ஆளுக்கான கூடுதல் கட்டணத்தை வெளிப்படையாகவே போடுவார்கள். விமான டிக்கெட்டையும் சேர்த்தால் 'மலிவு' என்ற சொல் விலகிவிடும். குறைந்தது நான்கு இரவு தங்கினால்தான் அந்தச் செலவு பொருந்தும். ஒரு நன்மை, பருவம். நம் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் புயலும் மழையும். இலங்கையின் மேற்குக் கரை டிசம்பரிலிருந்து மார்ச் வரை அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரைதான் அங்கே கடல் கொந்தளிக்கும்.

நம் கரைக்கு ஜனவரி, பிப்ரவரியே சரியான மாதங்கள். மே மாதத்தில் வாடகை குறைகிறது என்று கிளம்பினால் காலை எட்டு மணிக்கே மணல் சுடும்.

ஆக, ஓர் இரவு, வார நடு, கொஞ்சம் ஊர் சுற்றும் ஆசை என்றால் ஒத்தவாடைத் தெருவில் எளிய அறை. முதல் தனிப் பயணம் என்றால் சுற்றுலாக் கழக விடுதி. அசையாமல் கிடக்க வேண்டும் என்றால் ரிசார்ட். அதிலும் சமையலிலிருந்து விடுதலை தேடுகிறவருக்கு மூன்று வேளை, மற்றவர்களுக்குக் காலையும் இரவும்.

எதை எடுத்தாலும் பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கே போன் செய்து, "நான் தனியாக வருகிறேன், சென்னை முகவரி ஆதார்தான் இருக்கிறது, அறை கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். உள்ளூர் முகவரி என்றாலோ, தனி ஆள் என்றாலோ வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பும் விடுதிகள் இருக்கின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, அவர்களே வகுத்துக்கொண்ட விதி. ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு நெடுஞ்சாலையில் நின்று சட்டம் பேச முடியாது. சரி என்று சொன்னால் அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இருவர் கட்டணமா, ஒருவர் கட்டணமா, வரி சேர்த்தா என்பதையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள் 181 என்ற உதவி எண்ணையும் காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் போனில் வைத்துக்கொண்டு கிளம்பட்டும். உள்தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும் என்பதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடலாம்.